சிமெண்ட் சூளைக்கும் பத்தியம் உண்டு

பணி ஓய்வு பெற்று வேலூர் சத்துவாச்சாரிக்குத் திரும்பிய பிறகு, எங்கள் வார்டின் உரக்கூடத்துக்கு வாரத்தில் ஒரு நாளாவது போய் வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டில் சேரும் மக்காத குப்பையை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கே பிரிக்கும் வேலை நடப்பதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். சென்ற மாதம் ஒரு நாள், பால் கவர், சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட் ஆகியவற்றை அழுத்திக் கட்டிய பொதிகள் லாரிக்காகச் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அங்கே வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர், "ஐயா, இந்தக் கவரெல்லாம் சிமெண்ட் ஆலைக்குப் போவுதாமே, அங்க இத வெச்சி இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டார். "எரிச்சிடுவாங்கம்மா" என்றேன். அவர் கையிலிருந்த கவரைக் கீழே வைத்துவிட்டு, "எரிக்கிறதுக்கா நாங்க இவ்ளோ பிரிக்கிறோம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேதியியலாளராக வேலை பார்த்தவன் நான். அந்த லாரி எங்கே புறப்படுகிறது என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். அது போய்ச் சேரும் இடத்தில்தான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. அப்படிப்பட்டவன் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி நகர்ந்தது எனக்கே சிறுமையாகப் பட்டது. அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரியலூர் வட்டாரத்தின் நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. அங்குள்ள சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல்லோடு கிளிஞ்சலும் நத்தையும் கல்லாகிக் கிடப்பதைப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வியப்போடு பொறுக்கி மேசைமேல் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கல்லைக் களிமண்ணோடு மாவாக அரைத்து, முதலில், சூளையின் சூடான வாயு சுழன்று மேலேறும் சைக்ளோன் கோபுரத்தில் சூடேற்றி, பிறகு சற்றே சாய்ந்து சுழலும் நீண்ட இரும்புச் சூளைக்குள் அனுப்புவார்கள். சூளையின் மறுமுனையில் சுவாலை 2,000 டிகிரி செல்சியஸை நெருங்கும். மாவு 1,450 டிகிரிவரை சூடேறி, பாதி உருகி, கருஞ்சாம்பல் நிற உருண்டைகளாக வெளியே விழும். இதைத்தான் கிளிங்கர் என்கிறோம். கிளிங்கரைச் சிறிது ஜிப்சத்தோடு சேர்த்து அரைத்தால் அது சிமெண்ட். வேலூரில் இருப்பவர்கள் மூட்டையைத்தான் பார்க்கிறோம். எங்கள் மாவட்டத்தில் இத்தகைய சூளை ஒன்றுகூட இல்லை.

குப்பையைத் தெருமுனையில் கொளுத்துவதற்கும் இந்தச் சூளையில் போடுவதற்கும் உள்ள வேறுபாடு சூட்டில் தொடங்குகிறது. சதுப்பேரிப் பக்கம் ஊர்க்குப்பையைக் கொட்டிவந்த நாட்களில், மேட்டில் பற்றிய நெருப்பு புகைந்துகொண்டே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் மறந்திருக்காது. அரைகுறையாக எரியும் அத்தகைய நெருப்பில்தான் டையாக்ஸின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. சூளையிலோ வாயு 1,100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பல நொடிகள் தங்குகிறது. எந்தக் கரிமப் பொருளும் அதற்குள் சிதையாமல் தப்புவது அரிது. மேலும் சூளை முழுவதும் சுண்ணாம்பு மிதந்துகொண்டிருப்பதால், எரியும்போது எழும் அமில வாயுக்களில் பெரும்பகுதியை அந்தச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக நான் விரும்பிச் சொல்வது ஒன்று உண்டு. இந்தச் சூளையில் தனியாகச் சாம்பல் மிஞ்சுவதில்லை. எரிந்த பொருளின் சாம்பல் கிளிங்கரோடு உருகி அதன் அங்கமாகிவிடுகிறது. சிப்ஸ் கவரின் உட்புறத்தில் பளபளக்கும் அலுமினியப் படலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கும் உலோகமும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தக் கவரைப் பழைய பொருள் கடைக்காரர் தொடமாட்டார். ஆனால் சூளையில் அந்த அலுமினியம் அலுமினாவாக மாறுகிறது, அலுமினாவோ களிமண் வழியாக நாங்கள் எப்படியும் சேர்க்க வேண்டிய சரக்கு.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எரிப்பதற்குத்தான் என்றால் பிரிப்பது எதற்கு? சூளை பெரிய வயிறு என்பது உண்மைதான், ஆனால் பத்தியம் தவறினால் பொறுத்துக்கொள்ளாத வயிறு. பத்தியத்தின் முதல் விதி ஈரம். குப்பை லாரி வந்ததும் பொதிகளிலிருந்து மாதிரி எடுத்து, குவித்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் பகுத்து, கடைசியில் கைப்பிடியளவு மாதிரியை 105 டிகிரி அடுப்பில் உலர்த்துவோம். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள எடை வேறுபாடே பாதிக் கதையைச் சொல்லிவிடும். உலர்ந்த பாலித்தீன் ஒரு கிலோவுக்கு 10,000 கிலோகலோரிக்கு மேல் சூடு தரும்; நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலானது அதில் பாதிகூடத் தராது. ஆனால் அந்தக் கவருக்குள் மீந்த சாம்பாரும் மழைநீரும் தேங்கியிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரு கிலோ நீரைச் சூடேற்றி ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். ஒரு கிலோ கிளிங்கர் செய்யவோ ஏறத்தாழ 700 முதல் 750 கிலோகலோரி போதும். ஆக, பொதிக்குள் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ஏறக்குறைய ஒரு கிலோ கிளிங்கரின் சூட்டைத் தின்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் சில லாரிகளைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. அனுப்பிய ஊர்க்காரர்களுக்கு அது ஆலையின் திமிராகத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது விதி குளோரின். அதுதான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. ஃப்ளெக்ஸ் பேனர், ரெக்சின், பிவிசி குழாய், பல செருப்புகளின் அடிப்பாகம் இவையெல்லாம் குளோரின் மிகுந்தவை. எச்சில் இலையோடு வரும் சாதாரண உப்பும் குளோரைடுதான். சூளையின் கடுஞ்சூட்டில் இந்தக் குளோரின் பொட்டாசியத்தோடும் சோடியத்தோடும் கூடி ஆவியாகி மேலே ஏறும். சைக்ளோன் கோபுரத்தின் கீழ்த்தட்டில் 800 டிகிரி அளவுக்குக் குளிர்ந்ததும் பசைபோலப் படியும். படிந்த பசையில் மாவு ஒட்டும். ஒட்டிய மாவோடு அது மறுபடியும் கீழே இறங்கிச் சூளைக்குள் போய், மறுபடியும் ஆவியாகும். வெளியேற வழியில்லாமல் இப்படிச் சுற்றிச் சுற்றி அதன் அளவு பெருகிக்கொண்டே போகும். பக்கவழியில் வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு இல்லாத சூளையில், உள்ளே போகும் மாவில் பத்தாயிரத்துக்கு மூன்று பங்குக்கு மேல் குளோரைடு இருந்தாலே தொல்லை தொடங்கிவிடும். வெள்ளி நைட்ரேட் கொண்டு குளோரைடு பார்த்துப் பார்த்து என் வலது கை விரல்கள் எப்போதும் கறுத்தே இருக்கும். திருமண வீடுகளில் பந்தியில் உட்காரும்போது பக்கத்து இலைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார்.

அந்தப் படிவு தடித்து வழியை அடைப்பதை ஆலையில் ஜாம் என்போம். ஜாம் ஆனால் கதவைத் திறந்து, அழுத்தக் காற்றுக் குழாயால் குத்தி உடைத்து விடுவது தவிர வேறு வழியில்லை. ஒரு மார்கழி இரவில் அப்படிக் குத்திக்கொண்டிருந்தபோது, மேலே தேங்கி நின்ற மாவு முழுவதும் ஒரே மூச்சில் சரிந்து கதவு வழியாகப் பீறிட்டது. சூடான மாவு தண்ணீர்போல ஓடும்; விலகுவதற்கு நேரம் இருக்காது. ஒப்பந்தத் தொழிலாளர் இருவர் வெந்துபோனார்கள். உயிர் பிழைத்தார்கள் என்றாலும், அதில் ஒருவர் அதன் பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. அந்த வாரத்து மாதிரிகளில் குளோரைடு ஏறுமுகமாக இருப்பதை நான் பதிவேட்டில் எழுதியிருந்தேன். எழுதியதோடு நின்றுவிட்டேன், யாரிடமும் போய்ச் சத்தம் போடவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான். பொதிக்குள் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைத் திணிப்பவருக்கு, அதன் மறுமுனையில் ஒரு கதவும் கதவின் முன் ஒரு மனிதரும் இருப்பது தெரிய வழியே இல்லை.

சட்டத்துக்கும் இதில் இடம் உண்டு. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிலோவுக்கு 1,500 கிலோகலோரியும் அதற்கு மேலும் சூடு தரக்கூடிய, மறுசுழற்சி செய்ய முடியாத கழிவை மண்ணில் புதைக்கக் கூடாது என்றன. சிமெண்ட் ஆலை போன்ற இடங்களுக்கு எரிபொருளாக அனுப்பச் சொல்லின. குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் நிலையத்துக்கு 100 கிலோமீட்டருக்குள், திட எரிபொருள் பயன்படுத்தும் ஆலை இருந்தால், அது தன் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதத்தை இதைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டும் என்றும் சொல்லின. நல்ல விதிதான். ஆனால் வேலூரிலிருந்து அரியலூர் 200 கிலோமீட்டருக்கு மேல். காற்றைப் போல எடையற்ற கவர்களை லாரியில் அடைத்து, திருவண்ணாமலை தாண்டி, விழுப்புரம் தாண்டி அனுப்பும்போது, வாடகை யார் தலையில் விழுகிறது என்ற கேள்விதான் கடைசியில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இறுக்கி அழுத்தாமலும் ஈரம் வடியாமலும் அனுப்பினால், காற்றையும் தண்ணீரையும் ஊர்வலம் அனுப்புகிறோம் என்று பொருள். ஐரோப்பிய நாடுகளின் சூளைகள் தம் சூட்டில் ஏறத்தாழ பாதியைக் கழிவிலிருந்தே பெறுகின்றன என்று நம் ஊர்க் கூட்டங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அங்கே குப்பை வீட்டு வாசலிலேயே பிரிந்து, உலர்ந்து, அரைபட்டு வருவதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கவரை எரிப்பதை மறுசுழற்சி என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சாம்பல் பொருளாகிறது, சூடு நிலக்கரியை மிச்சப்படுத்துகிறது, அவ்வளவுதான். சிமெண்டால் காற்றில் சேரும் கரியமில வாயுவில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்தே வருவதில்லை. நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு கல்லிலிருந்தே பிரிந்துபோகும். சூளையின் வெளியேற்றத்தில் ஏறத்தாழ அறுபது சதவீதம் இப்படி வருவதுதான். நீங்கள் நிலக்கரியை எரித்தாலும் ஷாம்பு பாக்கெட்டை எரித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மாற வேண்டுமானால் கிளிங்கரையே குறைவாகச் செய்ய வேண்டும். அதனால் சிமெண்ட் தொழிலின் உண்மையான மறுசுழற்சி சூளையில் நடப்பதைவிட, அதற்கு அடுத்த கட்டமான அரைவை ஆலையில்தான் நடக்கிறது என்பேன்.

அனல் மின் நிலையங்களில் நிலக்கரியை எரித்த பின் புகைப்போக்கியில் பிடிபடும் நுண்சாம்பல் ஒரு காலத்தில் குளம் குளமாகத் தேக்கி வைக்கப்பட்ட தொல்லை. 1999-இல் மத்திய அரசு அந்தச் சாம்பலைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. பிபிசி (PPC) என்று மூட்டையில் அச்சிட்டிருக்கும் சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம்வரை இந்தச் சாம்பல் இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. முப்பது சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ மூட்டையில் 15 கிலோ சாம்பல். அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும் வேலை மிச்சம். இரும்பு ஆலைக் கசடு சேர்த்த சிமெண்டில் கழிவின் பங்கு எழுபது சதவீதம்வரைகூடப் போகலாம். சிமெண்ட் நீரோடு சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்பைச் சாம்பலில் உள்ள சிலிக்கா பிடித்துக்கொண்டு, மேலும் பிணைப்புப் பொருளாக மாற்றுகிறது. சுர்க்கி என்னும் செங்கல் தூளைச் சுண்ணாம்போடு அரைத்துக் கலந்து கட்டிய நம் பழைய கொத்தனார்களுக்கு இது ஒன்றும் புதிய வித்தை அன்று.

ஆனால் இதை இன்றைய மேஸ்திரிகளுக்குப் புரியவைப்பது எளிதாக இல்லை. சென்ற சித்திரையில் எங்கள் மொட்டை மாடியில் ஓர் அறை எழுப்பினோம். தளம் போடும் நாளில் பிபிசி மூட்டைகளைப் பார்த்ததும் மேஸ்திரியின் முகம் சுருங்கியது. "சாம்பல் சிமெண்ட் சார் இது, தளத்துக்கு ஓபிசி ஐம்பத்துமூணு வாங்குங்க" என்றார். ஓபிசி என்பது சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட்; ஐம்பத்துமூன்று அதன் வலிமைத் தரம். முதல் சில நாட்களில் பிபிசியின் வலிமை மெதுவாகத்தான் ஏறும் என்பதில் அவர் சொன்னது சரி. ஆனால் இருபத்தெட்டு நாளில் அது தரநிலை கேட்கும் வலிமையை எட்டிவிடும், அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டிருக்கும். ஒரே நிபந்தனை தண்ணீர். வறண்ட வெயிலில் சாம்பல் கலந்த கான்கிரீட்டைப் பதினான்கு நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது கட்டுமானத் தரநிலை. வேலூரின் அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு வாரத்தோடு தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, வெடிப்பு கண்டால் சாம்பல்மேல் பழி போடுகிறோம். நான் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிப் பதினாறு நாள் காத்தேன். மனைவிக்குத் தண்ணீர்ச் செலவு பொறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த மேஸ்திரியின் கைகளைப் பற்றித்தான் அடுத்து எழுத வேண்டும். விரலிடுக்குகள் வெடித்து, புறங்கை முழுவதும் யானைத்தோல்போலத் தடித்திருந்தது. "சிமெண்ட் அரிச்சிடுச்சி சார், ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்குவேன்" என்றார். ஈரச் சிமெண்டின் காரத்தன்மையே தோலைப் புண்ணாக்கும் என்பது உண்மை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆறாமல், கலவையைத் தொட்டவுடன் சீறி எழும் அரிப்புக்குப் பல வேளைகளில் வேறு காரணம் உண்டு. அது சிமெண்டில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம். மண்ணிலிருந்தும், சூளையின் உட்புறச் செங்கல்லிலிருந்தும், அரைவை இயந்திரத்தின் இரும்புக் குண்டுகளிலிருந்தும் குரோமியம் சிமெண்டுக்குள் வருகிறது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பழகிவிட்டால் வாழ்நாள் முழுவதும் விடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல், நீரில் கரையும் இந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கும் சிமெண்டைக் கையால் கலக்கும் வேலைக்கு விற்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. அங்கே அரைக்கும்போதே இரும்பு சல்பேட் சேர்த்து அதைத் தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் நிலைக்கு இறக்கிவிடுகிறார்கள். நம் ஊரில் சித்தாள் வெறுங்கையால் கலவையை அள்ளுகிறார்.

குரோமியம் என்ற சொல்லைத் தோல் பதனிடும் தொழில் நிறைந்த இந்தப் பழைய வட ஆர்க்காட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆம்பூரில் தோல் தொழிலில் இருக்கும் பள்ளி நண்பர் ஒருவர், நான் சிமெண்ட் ஆலையில் இருந்தவன் என்பதால், சில மாதங்களுக்கு முன் ஒரு யோசனை கேட்டார். "தோல் ஷாப்புல ஷேவிங் தூள் மலையா குவியுது, அதையும் உங்க சூளைக்கே அனுப்பிட்டா என்னப்பா?" என்றார். பதனிட்ட தோலைச் சீவும்போது உதிரும் தூளைத்தான் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உலர்ந்த தோல் தூள் கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி தரும். நம் நிலக்கரிக்கு அது தாழ்ந்ததில்லை. ஆனால் குரோம் முறையில் பதனிட்ட தோலில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு குரோமியம் ஆக்சைடு இருக்கிறது. காகிதத்தில் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். சூளையின் சூட்டில் 5 சதவீதத்தைத் தோல் தூளே தர வேண்டுமானால் ஒரு டன் கிளிங்கருக்கு ஒன்பது கிலோ தூள் போட வேண்டும். அதன் வழியாக ஒவ்வொரு டன் கிளிங்கருக்கும் 200 கிராம் அளவுக்குக் குரோமியம் உள்ளே போகும். தோலில் இருக்கும்போது அது மூன்று இணைதிறன் குரோமியம், தீங்கு குறைந்தது. ஆனால் சுண்ணாம்பும் காரமும் ஆக்சிஜனும் கடுஞ்சூடும் ஒன்றாகக் கூடும் இடத்தில் அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் நிலைக்கு ஏறிவிடும். பாலித்தீன் கவரின் நஞ்சைச் சூளை அழிக்கிறது. தோலின் குரோமியத்தைச் சூளை நஞ்சாக்குகிறது. உலோகத்தை எந்த நெருப்பாலும் அழிக்க முடியாது. அது மூட்டைக்குள் அமர்ந்து, மறுபடியும் மேஸ்திரியின் கைக்கே வந்து சேரும்.

இதை நம்பக் கடினமாக இருந்தால் ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். அங்கே ஆறு இணைதிறன் குரோமியம் கொண்ட குரோமேட் உப்புகள் தயாரித்து, பிறகு மூடிப்போன ஓர் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து, மழைக்காலத்தில் மஞ்சள் நிற நீராகக் கசிந்து நிலத்தடி நீரில் கலந்த கதை இந்த வட்டாரத்துக்கே தெரியும். குரோமேட் தயாரிப்பது எப்படி? மூன்று இணைதிறன் குரோமியம் உள்ள தாதுவை, சோடா உப்போடு, பல ஆலைகளில் சுண்ணாம்பும் சேர்த்து, சுழலும் சூளையில் 1,100 டிகிரி அளவில் காற்றோட்டத்தோடு வறுப்பார்கள். மூன்றை ஆறாக்குவதற்கென்றே தொழிலில் ஏற்பட்ட முறை அது. காரமும் காற்றும் சூளையும் கூடிய அதே வித்தையை, தோல் தூளை வைத்து, தெரியாமல் சிமெண்ட் சூளையில் நிகழ்த்திவிட்டு, அதற்குக் கழிவு மேலாண்மை என்று பெயர் சூட்டக் கூடாது. தோலைப் பதப்படுத்தச் சேர்க்கும் உப்பின் குளோரைடு வேறு தனியாக இருக்கிறது. மேலே சொன்ன ஜாம் கதை அதற்கும் பொருந்தும்.

நண்பர் சற்று வருத்தத்தோடுதான் கேட்டுக்கொண்டார். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தத் தோல் தொழிற்சாலைகளை முன்வைத்து, நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாகவே அறிவித்தது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் உப்பு நீரைப் பிரிப்பதற்கும் செலவு செய்தும், கசடும் உப்பும் கண்முன்னே மூட்டை மூட்டையாகக் கிடக்கும் எரிச்சல் அவருக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தோல் தூளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அதை அழுத்தித் தோல் அட்டையாக்கி, காலணியின் உள்ளடியில் வைக்கலாம். பதனிடும் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில் மக்னீசியம் ஆக்சைடு சேர்த்துக் குரோமியத்தைப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து மறுபடியும் தொட்டிக்கே அனுப்பும் முறையை நம் தோல் தொழிற்சாலைகள் நெடுநாளாகவே அறியும். குரோமியத்தை உலோகமாகவே பார்க்க வேண்டும், எரிபொருளாகப் பார்க்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலத்துத் தோலாக இருந்தால் நானே லாரியை வரவேற்றிருப்பேன் என்று சொன்னதும்தான் அவர் சிரித்தார்.

கட்டட இடிபாட்டையும் ஒரு வரி தொட்டுவிடுகிறேன். உடைத்த பழைய கான்கிரீட்டைச் சல்லியாக்கி, எம்25 தரம்வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் இருபது சதவீதம் சேர்க்கலாம் என்று 2016-இலேயே தரநிலை இடம் கொடுத்துவிட்டது. எங்கள் அறைக்காக இடித்த பழைய கைப்பிடிச் சுவரை அப்படிப் பயன்படுத்த யாரும் முன்வரவில்லை. ஒரு டிராக்டர் வந்து அள்ளிக்கொண்டு போனது, பாலாற்றங்கரைக்குப் போகக் கூடாது என்று ஓட்டுநரிடம் மூன்று முறை சொன்னேன். காலியான சிமெண்ட் சாக்குகளுக்கு மட்டும் அன்று மாலையே ஆள் வந்துவிட்டார்.

சென்ற வாரம் உரக்கூடத்துக்குப் போய், அந்த அம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை; இரண்டை மட்டும் சொன்னேன். நீங்கள் பிரிப்பதால்தான் அங்கே ஒருவர் வேகாமல் இருக்கிறார் என்பது ஒன்று. பொதி நனையக் கூடாது, ஃப்ளெக்ஸும் ரெக்சினும் செருப்பும் பொதிக்குள் போகக் கூடாது என்பது மற்றொன்று. அவர் சுவரோரம் கையைக் காட்டினார். பொதிகளின்மேல் மழைக்குப் போர்த்தியிருந்ததே ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர்தான். ஏதோ ஒரு காதணி விழாவுக்கு அடித்தது. "ஃப்ளெக்ஸ நாங்க எங்க ஐயா போடறோம், அதுக்கு ஆட்டோக்காரன்லேர்ந்து ஆட்டுக்கொட்டா வெச்சிருக்கறவங்க வரைக்கும் கேட்டு வாங்கினு போறாங்க. செருப்புதான் உள்ள போய்க்கினு இருந்துச்சி" என்றார். பிறகு ஒரு காலிச் சிமெண்ட் சாக்கை உதறி வாயைப் பிரித்து, கட்டி முடித்திருந்த பொதி ஒன்றை அவிழ்த்து, செருப்புகளைத் தேடி எடுத்து அதில் போட ஆரம்பித்தார். நான் புறப்படும்போது சாக்கு பாதி நிறைந்திருந்தது. அதை ஏற்றிக்கொண்டு போக எந்த லாரி வரும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.